248 வாக்கியங்களும் ஒரு சனிப்பெயர்ச்சியும்

1825ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி இரவு ஒரு சந்திர கிரகணம். அது எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்பதைப் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் கணித்துக் காட்டினார். காகிதமோ ஓலையோ அவருக்குத் தேவைப்படவில்லை. தரையில் சோழிகளை வைத்தார், வேண்டிய எண்களை மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களிலிருந்து எடுத்தார். வாய் முணுமுணுக்க, கை ஒரு வரிசையில் இரண்டு சோழியை நீக்கி அடுத்த வரிசையில் மூன்றைச் சேர்க்க, அப்படித்தான் அந்தக் கணக்கு நகர்ந்திருக்க வேண்டும். சந்திரன் எங்கே, சூரியன் எங்கே, பூமியின் நிழல் எவ்வளவு அகலம் என்பதெல்லாமே சோழிகளாக மாறித் தரையில் கிடந்தன.

பக்கத்திலிருந்து கவனித்தவர் ஜான் வாரன். பிரெஞ்சுக்காரராகப் பிறந்து ஆங்கிலேயரின் படையில் சேர்ந்து, சில ஆண்டுகள் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பிலும் இருந்தவர். கோலார் பக்கம் தங்கம் கிடைக்கிறது என்று 1802இல் விசாரித்து எழுதியவரும் இவரே. தென்னிந்தியக் காலக் கணக்குகளைப் பற்றி இவர் எழுதிய 'காலசங்கலிதம்' 1825இல் சென்னையில் அச்சானது. பஞ்சாங்கக்காரருக்குச் சாஸ்திரத்தின் தத்துவம் ஒரு சொல்லும் புரியாது, ஞாபகசக்தி மட்டும் அபாரம் என்ற பொருளில் வாரன் குறித்து வைத்தார். பின்னாளில் ஓட்டோ நாய்கபவர் என்ற கணித வரலாற்றாசிரியர் அந்த விடைகளை நவீனக் கணக்கோடு ஒப்பிட்டார். கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடம் பிழை. நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம்.

இந்த மூன்று எண்களையும் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மனப்பாடத்தாலும் சோழியாலும் கிரகணத் தொடக்கத்தை 4 நிமிடத்துக்குள் பிடித்தது பெரிய காரியம். முடிவில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தவறியதும் சின்ன விஷயமில்லை. ஒரே ஆள், ஒரே கணக்கு, ஒரே இரவு. பாராட்டும் குறையும் சேர்ந்தே நிற்கின்றன.

அவர் மனத்தில் இருந்தது என்ன? முக்கியமான பகுதி சந்திர வாக்கியங்கள். மொத்தம் 248. மரபு இவற்றை வரருசி பெயரில் சொல்கிறது. நிலவு தினமும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. பூமிக்குத் தொலைவில் இருக்கும்போது மெதுவாகவும் அருகில் வரும்போது விரைவாகவும் ஓடும். சராசரி ஒரு நாளைக்கு 13 பாகை 11 கலை. மிக மெதுவான நாளில் தொடங்கி, ஒவ்வொரு நாள் முடிவிலும் நிலவு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று சொல்வதே இந்த வாக்கியங்களின் வேலை. முதல் வாக்கியத்தைப் பிரித்தால் 12 பாகை 3 கலை. சராசரியைவிட ஒரு பாகைக்கு மேல் குறைவு; நிலவு அன்று சோம்பலாக இருக்கிறது. போகப் போக வேகம் கூடி, குறைந்து, மறுபடி கூடும். மெதுவிலிருந்து மெதுவுக்கு ஒரு சுற்று 27 நாளும் அரைநாளுக்குச் சற்று மேலும். அப்படி ஒன்பது சுற்று முடிய ஏறத்தாழ 248 நாள். அந்த நாளில் கதை முதலுக்குத் திரும்பும். ஆகவே 249ஆவது வாக்கியம் தேவையில்லை.

நம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடம் 'உறவுகளும் சார்புகளும்'. மதிப்பகம், துணை மதிப்பகம், வீச்சகம், முன் உரு, நிழல் உரு என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் சொற்கள் அனைத்துக்கும் இந்த 248 வாக்கியங்களைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஒரு நாளைக் கொடுத்தால் ஓர் இடம் கிடைக்கிறது. எந்த நாளுக்கும் இரண்டு இடம் கிடைப்பதில்லை. எனவே அது சார்பு. மதிப்பகம் 1 முதல் 248 வரை. வீச்சகம் என்பது ராசிச் சக்கரத்தில் நிலவு நின்றதாக வாக்கியங்கள் சொல்லும் இடங்கள்.

திருப்பிக் கேட்டால் நிலைமை மாறிவிடும். நிலவு இந்த இடத்தில் நிற்கிறது, இது எந்த நாள் என்று கேளுங்கள். ஒரே விடை வராது. இருபத்தேழு நாளுக்கொரு முறை நிலவு அதே பக்கம் வந்து போகும். 248 நாளுக்குள் ஒன்பது முறை. நாளிலிருந்து இடத்துக்குப் போவது ஒருவழிச் சாலை. 'உறவு உண்டு, ஆனால் சார்பு அல்ல' என்று நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த காலத்தில் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியதைப் பஞ்சாங்கக்காரர் அனுபவத்தில் அறிந்திருப்பார். ஒரு ஜாதகக் கட்டத்தில் சந்திரன் எங்கே என்று மட்டும் காட்டிவிட்டுப் பிறந்த தேதியைக் கேட்டால் அவர் சிரித்திருப்பார்.

எண்கள் எப்படி வாக்கியங்களாயின என்பது தனிக் கதை. கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்குக் கடபயாதி தெரியும். மேளகர்த்தா ராகத்தின் பெயரில் முதல் இரண்டு எழுத்தை எண்ணாக்கித் திருப்பிப் போட்டால் ராகத்தின் வரிசை எண் வந்துவிடும். மேசகல்யாணியில் 'மே' ஐந்து, 'ச' ஆறு, திருப்பினால் 65. தீரசங்கராபரணம் 29. வாக்கியங்களும் அதே முறைதான். க, ட, ப, ய நான்கும் ஒன்று என்ற எண்ணையே குறிக்கும். எழுத்திலிருந்து எண்ணுக்குப் போகையில் ஒரே விடை. எண்ணிலிருந்து எழுத்துக்குப் போகையில் பல விடை. அந்தப் பலவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் இருந்ததால்தான் வெறும் எண்களைப் பொருளுள்ள சொற்களாகக் கோர்க்க முடிந்தது. பொருள் இருந்ததால்தான் மனத்தில் நின்றது.

இங்கே தமிழருக்கு ஒரு சங்கடம். வடமொழியின் நான்கு 'த' ஒலிகளுக்கு 6, 7, 8, 9 என்று தனித்தனி எண். கிரந்தத்தில் எழுதினால் குழப்பமில்லை. தமிழ் எழுத்தில் நான்குக்கும் ஒரே 'த'. 'தீர' என்று தமிழில் எழுதியிருப்பதை மட்டும் வைத்துக்கொண்டால் 26, 27, 28, 29 எதுவாகவும் இருக்கலாம். கிரந்தத்தில் சார்பாக இருந்தது தமிழ் எழுத்துக்கு வந்ததும் வெறும் உறவாகிவிடுகிறது. பாடம் வாய்வழியாகவே நடந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். காதுக்கு நான்கும் வேறு வேறு.

248 நாளுக்கு மட்டும் செல்லும் பட்டியலை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு எப்படிக் கணித்தார்கள்? கலியுகத் தொடக்கத்திலிருந்து இன்றுவரை கடந்த நாள்களை எண்ணிக்கொள்வார்கள். அதற்கு அகர்கணம் என்று பெயர். அதிலிருந்து 16,00,984ஐக் கழிப்பார்கள். மிச்சத்தை 12,372ஆல் வகுப்பார்கள், அதில் மிஞ்சியதை 3,031ஆல், அதில் மிஞ்சியதை 248ஆல். கடைசி மிச்சம் எத்தனையோ அத்தனையாவது வாக்கியம். 5,000 நாள் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். 3,031 போக 1,969. அதில் ஏழு 248 போக 233. ஆக 233ஆம் வாக்கியத்தைச் சொல்லி எண்ணாக்க வேண்டும். கழித்த ஒவ்வொரு 248க்கும் 27 பாகை 44 கலையைக் கூட்ட வேண்டும், 3,031க்கு அதற்குரிய பங்கை. அவ்வளவுதான். 248க்கு 'தேவரம்' என்று பெயர். தே எட்டு, வ நான்கு, ர இரண்டு, திருப்பினால் 248. பெயரே எண்.

ஏன் மூன்று வகுத்தல்? ஒன்பது சுற்று சரியாக 248 நாளில் முடிவதில்லை. ஏறக்குறைய 13 நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடுகிறது. ஒரு தேவரத்துக்கு 13 நிமிடம் பரவாயில்லை. நூறு தேவரம் அடுக்கினால் ஏறக்குறைய ஒரு நாளைத் தின்றுவிடும். 110 சுற்று சேர்ந்தால் 3,031 நாள், அங்கே பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவு. பட்டியலைச் செய்தவர்களுக்கு அது எவ்வளவு தூரம் தாங்கும் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் 248ஐ நம்பி எல்லையில்லாமல் போகாமல் நடுநடுவே பெரிய படிக்கட்டுகளை வைத்தார்கள்.

இந்த எண்களுக்கு வயது இன்னும் அதிகம். 248 நாள் சுழற்சி பாபிலோனிய ஆப்பெழுத்துக் களிமண் பலகைகளில் இருக்கிறது. எகிப்தின் கிரேக்கப் பாப்பிரஸ் ஏடுகளில் 248உம் 3,031உம் இருக்கின்றன. நாய்கபவர் 1952இல் 'தமிழ் வானியல்' என்றே தலைப்பிட்டுக் கட்டுரை எழுதியது இதற்காகத்தான். மத்திய தரைக்கடல் ஓரம் மண்ணுக்குள் புதைந்து போன ஒரு கணக்கு, புதுச்சேரித் திண்ணையில் 1825இல் உயிரோடு நடந்துகொண்டிருந்தது. எங்கிருந்து எங்கே போனது, யாரிடமிருந்து யார் வாங்கியது என்ற வழக்கை இங்கே எடுக்க விரும்பவில்லை. அதில் இறங்கிய பலருக்கு விடை முதலிலேயே தெரிந்திருக்கிறது.

பஞ்சாங்கம் வைத்திருக்கும் வீட்டில் சார்புப் பாடம் தினமும் நடக்கிறது, யாரும் அதற்கு அந்தப் பெயர் சொல்வதில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். எனக்கு ஐப்பசி மாதம், மிருகசீரிட நட்சத்திரம். நட்சத்திரச் சுற்று 27 நாள் சொச்சம், மாதம் 30 நாள். சில ஆண்டுகளில் ஐப்பசி தொடங்கியவுடன் ஒருமுறை, முடியும் முன் ஒருமுறை என்று என் நட்சத்திரம் இரண்டு தடவை வந்துவிடும். சின்ன வயதில் இரண்டு நாளும் பாயசம் கேட்பேன். "ரெண்டாவதா வர்றதுதாண்டா உனக்கு" என்பாள் பாட்டி. அவள் செய்தது என்னவென்று பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. இரண்டு விடை தரும் உறவை, ஒரு வழக்கத்தைச் சொல்லி ஒரே விடை தரும் சார்பாக மாற்றினாள். பாயசம் ஒரு தடவைதான்.

திதியும் அப்படியே. சூரிய உதயத்தில் எந்தத் திதி நடக்கிறதோ அதுவே அன்றைய திதி. ஒரு திதி சுமார் 19 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரத்துக்கும் இழுக்கலாம். அதனால் ஒரு திதி இரண்டு உதயங்களைப் பார்த்துவிடுவதுண்டு. இன்னொன்று ஓர் உதயத்துக்குப் பின் பிறந்து அடுத்த உதயத்துக்கு முன் மறைந்து, எந்த நாளுக்கும் பெயர் கொடுக்காமல் போவதுண்டு. நாளைச் சொன்னால் திதி ஒன்றுதான். திதியைச் சொன்னால் நாள் ஒன்றாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சிராத்தம் எந்த நாளில் என்று சாஸ்திரிகளுக்குப் போன் போடும் வீடுகளுக்கு இது பாடப்புத்தகக் கணக்கு அல்ல. விருந்துக்குச் சொல்லியனுப்ப வேண்டிய தேதி.

உலகம் முழுவதும் சார்பு பட்டியலாகவே பிறந்தது. தாலமி அரைப் பாகைக்கு அரைப் பாகையாக 360 வரிகளில் நாண்களின் நீளத்தைப் பட்டியலிட்டார். ஆர்யபட்டர் 499ஐ ஒட்டி 24 ஜ்யாக்களோடு முடித்துக்கொண்டார். பிறகு ஐரோப்பாவில் சூத்திரத்தின் காலம் வந்தது. 1748இல் ஆய்லர் எழுதிய நூலில் சார்பு என்றால் ஒரு கோவை, குறியீடுகளால் எழுதப்பட்ட ஒரு வரி. அது எவ்வளவு அழகாக இருந்தாலும் அதிர்கிற ஒரு கம்பியின் வடிவமே அதற்குள் அடங்க மறுத்தது. அதைப் பற்றி ஆய்லரும் தலாம்பேரும் பல காலம் வாதாடினார்கள். வெப்பம் பரவுவதை ஆராய்ந்த ஃபூரியே இன்னும் முரட்டு உதாரணங்களைக் கொண்டுவந்தார். 1837இல் டிரிக்லே, ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு விடை இருந்தால் போதும், ஒரே சூத்திரம் வேண்டிய கட்டாயமில்லை என்றார். 1939இல் பூர்பாக்கி குழு அதையே வரிசைச் சோடிகளின் தொகுப்பு என்று இறுக்கியது. இருநூறு ஆண்டுகள் சுற்றிப் பட்டியலுக்கே திரும்பி வந்தார்கள். தமிழில் மட்டும் நாம் விலகியே போகவில்லை. பெருக்கல் பட்டியலும் வாய்பாடுதான், சூத்திரமும் வாய்பாடுதான்.

ஆனால் பட்டியலுக்கும் சூத்திரத்துக்கும் ஒரு குண வேறுபாடு இருக்கிறது. பட்டியல் தன் கடைசி வரியில் நின்றுவிடும். 248க்குப் பிறகு என்ன என்று கேட்டால் பேசாது. அடுத்து என்ன செய்வது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். சூத்திரம் எதைக் கொடுத்தாலும் எதையாவது சொல்லும். அதற்குக் கூச்சமே கிடையாது. விடையோடு மதிப்பகத்தையும் எழுதச் சொன்னால் மாணவர்கள் அதை வாத்தியாரின் பிடிவாதமாகத்தான் பார்த்தார்கள். நானும் மாணவனாக இருந்தபோது அப்படித்தான் பார்த்தேன்.

புதுச்சேரிக்கு வாரனுக்கு முன் வந்தவர் லெ ஜான்டி. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க பிரான்சிலிருந்து புறப்பட்டு, 1761இல் போரால் புதுச்சேரியில் இறங்க முடியாமல், அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டு காத்திருந்து, 1769 ஜூனில் சரியான நேரத்தில் மேகம் மறைத்ததால் எதையும் காணாமல் ஊர் திரும்பிய பரிதாபத்துக்குரிய மனிதர். காத்திருந்த காலத்தில் தமிழர் ஒருவரிடம் வாக்கியக் கணக்கைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொன்னது. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த பட்டியல்களைச் செய்த டோபியாஸ் மேயரின் கணக்கு 68 விநாடி கூட்டிச் சொன்னது. மேடையில் பெருமை பேசுவோர் இந்தக் கிரகணத்தைச் சொல்வார்கள், வாரனின் 52 நிமிடத்தைச் சொல்லமாட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் 52ஐச் சொல்வார்கள், 41ஐச் சொல்லமாட்டார்கள். இரண்டும் அறுபது ஆண்டு இடைவெளியில் ஒரே ஊரில் ஒரே முறையில் கிடைத்த விடைகள். ஒரு கிரகணத்தில் அசத்துவதும் இன்னொன்றில் தடுமாறுவதும் பழைய பட்டியலின் இயல்பு. எந்தக் கிரகணத்தில் எது நடக்கும் என்பதைப் பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது, வானத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

அப்படிப் பார்த்தவர்கள் இருந்தார்கள். கேரளத்தில் நிளா நதி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்த பரமேசுவரர் 55 ஆண்டு கிரகணங்களையும் கோள்களையும் கவனித்ததாக அவர் வழிவந்த நீலகண்டர் எழுதுகிறார். கணக்கு சொன்ன நேரத்துக்கும் கண் கண்ட நேரத்துக்கும் இடைவெளி கூடுவதைப் பார்த்துப் பரமேசுவரர் 1431இல் 'திருக்கணிதம்' என்று கணக்கையே புதுப்பித்தார். பெயரிலேயே கொள்கை இருக்கிறது; திருக் என்றால் பார்வை. அவருக்கு முன்பே மாதவர் அதே 248 வாக்கியங்களை விகலை வரைக்கும் நுணுக்கித் திருத்தியிருந்தார். முதல் வாக்கியம் 12 பாகை 3 கலையிலிருந்து 12 பாகை 2 கலை 35 விகலையானது. நீலகண்டர் இன்னும் ஒரு படி போய், சாஸ்திரம் சொன்னதும் வானம் காட்டுவதும் முரண்பட்டால் திருத்த வேண்டியது கணக்கைத்தான் என்று வாதிட்டார். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு நம்பூதிரி இதை எழுதியிருக்கிறார் என்பதை, பழையது என்றாலே மாற்றக்கூடாதது என்று நினைக்கும் நம் நண்பர்களுக்கு அவ்வப்போது நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

சென்னையில் கணக்கை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் வேலையைச் செய்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1828இல் பிறந்தவர். நுங்கம்பாக்கத்திலிருந்த சென்னை வானாய்வகத்தில் சேர்ந்து தலைமை உதவியாளராக உயர்ந்தவர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872இல் லண்டன் அரச வானியல் கழகத்தில் உறுப்பினரானார். பகலில் பஞ்சாங்க மரபு, இரவில் தொலைநோக்கி என்று இரண்டு உலகங்களில் கால் வைத்திருந்தவருக்கு இரண்டின் நேரங்களும் ஒத்துப்போகாதது உறுத்தியிருக்கிறது. திருக்கணிதப் பஞ்சாங்கத்தைத் தாமே வெளியிட்டார். 1874இல் வெள்ளி கடப்பு வந்தபோது, ஒரு சித்தாந்தியும் வானியலாளரும் பேசிக்கொள்வதுபோல அதை விளக்கிச் சிறுநூல் எழுதி இந்திய மொழிகளில் கொண்டுவந்தார். சித்தாந்தியை மட்டம் தட்டி எழுதவில்லை. சித்தாந்திகள் அவருடைய ஆள்களே. 1880இல் காலமானார். சென்னையில் அவர் பெயரில் ஒரு தெருவாவது இருந்திருக்க வேண்டும்.

நிலவிடம் ஒரு நாகரிகம் உண்டு. நாளைச் சொன்னால் இடத்தைச் சொல்லும். மழை அப்படியில்லை. 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியபோது, மழையை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்ற கேள்வி அரசாங்கத்துக்கு அவசரமாயிற்று. இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயமலையில் குளிர்காலத்தில் பனி அதிகம் விழுந்தால் பருவமழை குறைகிறது என்ற உறவை 1884இல் எடுத்துக்காட்டினார். 1886 முதல் அதைக்கொண்டு முன்னறிவிப்பும் வந்தது. 1904 முதல் 1924 வரை பொறுப்பிலிருந்த கில்பர்ட் வாக்கர் கணிதக்காரர். உலகெங்கும் காற்றழுத்தம், வெப்பநிலை, மழை ஆகியவற்றின் பதிவுகளைச் சேர்த்து எதற்கும் எதற்கும் உறவு என்று சலித்தெடுத்தார். அந்தச் சலிப்பில் கிடைத்ததுதான் பசிபிக் கடலின் கிழக்கிலும் மேற்கிலும் காற்றழுத்தம் ஏற்ற இறக்கமாக ஆடும் தென் அலைவு. பிற்காலத்தில் எல் நினோவோடு இணைந்து உலக வானிலை அறிவியலையே மாற்றியது. இந்தியப் பருவமழையை மட்டும் அது வாக்கருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

உறவு இருந்ததில் பொய்யில்லை. எல் நினோ ஆண்டுகளில் நம் மழை குறைவது பலமுறை நடந்ததுதான். ஆனால் 1997இல் பெரிய எல் நினோ வந்தது, நாடு முழுவதற்குமான மழை வழக்கத்தைவிடக் குறையவில்லை. 2002இல் வந்தது அதைவிடச் சிறியது, மழையோ 19 விழுக்காடு குறைந்தது. 1988 முதல் கையாளப்பட்ட, 16 காரணிகள் கொண்ட ஒரு சூத்திரம் 2002க்கு 101 விழுக்காடு மழை என்று சொல்லியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்தச் சூத்திரத்துக்கு நல்ல பெயர். யோசித்துப் பார்த்தால் 1987க்குப் பிறகு 2001 வரை நாட்டில் பெரிய வறட்சியே வரவில்லை. 'இந்த வருஷமும் வழக்கமான மழைதான்' என்று சூத்திரமே இல்லாமல் சொல்லியிருந்தாலும் ஒவ்வோர் ஆண்டும் தேர்ச்சி பெற்றிருக்கலாம். 16 காரணிச் சூத்திரத்தை அடுத்த ஆண்டே மாற்றினார்கள். அறிவியலாளர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பதினான்கு ஆண்டு பேர் வாங்கித் தந்ததை ஒரே ஆண்டில் கைவிட மனம் வருவது எளிதல்ல.

எந்தக் காலத்துத் தரவிலிருந்து எடுத்தோம் என்பதும் மதிப்பகத்தில் சேர்த்தி. நாள், பாகை, பனி, அழுத்தம் என்று மற்றதையெல்லாம் எழுதுகிறோம், இதை எழுதுவதில்லை. ஆர்யபட்டரின் எண்களின்படி சனி ராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்ற சுமார் 10,766 நாள். இன்றைய அளவீட்டில் 10,759 நாள். வித்தியாசம் ஏழே நாள், அதுவும் இருபத்தொன்பதரை ஆண்டுக்கு ஒருமுறை. தொலைநோக்கி இல்லாத காலத்தில் இவ்வளவு நெருங்கியதற்குக் கைகூப்பலாம். ஆனால் அவர் காலத்திலிருந்து இதுவரை சனி ஐம்பது சுற்றுக்குச் சற்று மேல் சுற்றிவிட்டது. ஐம்பது ஏழு 350 நாள். இடையில் வந்தவர்கள் போட்ட சிறு திருத்தங்களும் வாக்கியக் கணக்கில் கலந்திருப்பதால் இதை அப்படியே விடையாகச் சொல்லமாட்டேன். பிழை எந்தப் பக்கம், எவ்வளவு பெரிது என்பது மட்டும் இதில் தெரியும்.

திருக்கணிதப்படி சனி கும்ப ராசிக்குள் நுழைந்தது 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. நடுவில் பதினோரு மாதம். ஜனவரியில் ஒரு கூட்டம் பரிகாரம் செய்தது, டிசம்பரில் இன்னொரு கூட்டம். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டிலும் செய்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் வங்கிக் கணக்காளர், ஓய்வுபெற்றவர். "ஒரே கேள்விக்கு ரெண்டு பதில் வந்தா நீங்க என்ன செய்வீங்க சார்?" என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும் பதிவு போட்டு வெச்சிட்டேன். எது டேலி ஆகுதோ ஆகட்டும்" என்றார்.

திருநள்ளாறு தர்ப்பாரண்யேசுவரர் கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவது. இன்று காரைக்கால் மாவட்டத்தில், புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் இருக்கிறது. சோழிக்காரரின் மரபு அதே நிர்வாக எல்லைக்குள் இன்னும் தேதி குறித்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு வேடிக்கையாகவும் இருக்கிறது, கொஞ்சம் பிரியமாகவும் இருக்கிறது. 2023 டிசம்பர் 20 அன்று அங்கே பெயர்ச்சி விழா நடந்தபோது, திருக்கணிதக் கணக்கில் சனி கும்பத்துக்குள் ஏழு பாகையைத் தாண்டியிருந்தது. அடுத்த பெயர்ச்சி, மீனத்துக்கு. திருக்கணிதக்காரர்கள் 2025 மார்ச் 29 என்றார்கள். இங்கே அன்று பெயர்ச்சி இல்லை, வாக்கியப்படி 2026இல்தான் என்று கோயில் தரப்பில் முன்கூட்டியே அறிவித்தார்கள். மார்ச் 29 சனிக்கிழமை. நளதீர்த்தத்துக்கு வர அன்று வேறு காரணம் தேவையில்லை.